டவருக்குக் கண் இல்லை

சாதி வன்கொடுமை வழக்குகள் தோற்ற வரலாற்றில் பாதி, பிறழ்சாட்சிகளின் வரலாறு. கூலிக்கும் தண்ணீருக்கும் ஆதிக்கச் சாதியை நம்பி வாழ்பவர் கூண்டில் எத்தனை நாள் உறுதியாக நிற்பார்? மிரட்ட முடியாத சாட்சி ஒன்று நமக்குத் தேவைப்பட்டது.

2015 ஜூன் 23இல் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட தலித் பொறியாளர் கோகுல்ராஜின் உடல், மறுநாள் தண்டவாளத்தில் கிடந்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில், நம் பக்கத்து மதுரையில், யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இருவருக்குத் தண்டனையைக் குறைத்தாலும், 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

செல்போன் டவர் பதிவையும் நாம் இப்படித்தான் நம்புகிறோம். ஆனால் டவருக்குக் கண் இல்லை. எந்த எண், எந்த நேரம், எந்த டவரின் எல்லையில் இருந்தது என்று மட்டுமே அது சொல்லும். போன் யார் கையில் இருந்தது என்று சொல்லாது. நகரத்தில் அந்த எல்லை சில தெருக்கள். கிராமத்தில் பல கிலோமீட்டர். ஊரும் சேரியும் ஒரே டவருக்குக் கீழேதான். (இதில் மட்டும் தீண்டாமை இல்லை!)

வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. சிபிசிஐடி செல்போன்களையும் டவர் பதிவுகளையும் ஆராய்ந்தது. மரபணுச் சோதனையும் நடத்தியது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் இருந்த மூவரும் தலித்துகள். வழக்கும் வன்கொடுமை சிறப்பு நீதிமன்றத்தை விட்டு வெளியேறியது. விசிக உள்ளிட்ட கட்சிகள் சிபிஐ விசாரணை கேட்டன. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எந்தப் பதிவை எடுப்பது, யாருடைய போனைத் தேடுவது என்பதை முடிவு செய்வது இயந்திரமல்ல, காவல்துறை.

சட்டமும் வளைந்து வளைந்தே வந்திருக்கிறது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், 2005இல், சான்றிதழ் இல்லாத அழைப்புப் பதிவுகளை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014இல் அன்வர் வழக்கில் 65பி சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 2020இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. இப்போது அது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. அந்த ஒரு தாள் இல்லையென்றால் டவரின் சாட்சியமும் செல்லாது.

அதனால் தோழர்களே, வன்கொடுமை நடந்த அன்றே சந்தேகத்துக்குரிய எண்களின் பதிவுகளையும் அருகிலுள்ள கேமராக் காட்சிகளையும் பாதுகாக்கக் கோரி எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கேமராக்கள் பழைய காட்சிகளின் மேலேயே புதியவற்றைப் பதிந்துவிடும்.