'அனுப்பியாச்சு'ன்னு காட்டுது, ஆனா வந்து சேரலையே! எஸ்.எம்.எஸ், இமெயில் தாமதமாவது ஏன்?

'உங்கள் மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது' என்று திரையில் காட்டும். 30 விநாடி, ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என நேரம் ஓடும். கவுன்ட்டவுன் முடிந்து, தட்கல் டிக்கெட்டும் கைவிட்டுப் போன பிறகு 'டிங்' என்று வந்து விழும் அந்த ஆறு இலக்க எண். இமெயிலும் சில நேரம் இப்படித்தான். காலையில் அனுப்பியது சாயங்காலம்தான் வந்து நிற்கும்.

'அனுப்பப்பட்டது' என்பதும் 'வந்து சேர்ந்தது' என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் மெசேஜ் எங்கே காத்திருக்கிறது, அதனால் நமக்கு என்ன பாதிப்பு என்பதைப் பார்க்கலாம்.

9 மாதம் கழித்து வந்த காதலர் தின மெசேஜ்

2019 நவம்பர் 7-ம் தேதி அதிகாலை, அமெரிக்காவில் பலருடைய போனுக்கு விநோதமான மெசேஜ்கள் வந்தன. எல்லாமே அந்த ஆண்டு பிப்ரவரி 14-ம் தேதி வாக்கில் அனுப்பப்பட்டவை. பிரிந்துபோன காதலரிடமிருந்தும், இறந்துபோன நண்பரிடமிருந்தும் மெசேஜ் வந்ததைப் பார்த்து சிலர் உறைந்துபோனார்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இடையே மெசேஜ்களைக் கைமாற்றித் தரும் சினிவர்ஸ் என்ற நிறுவனத்தின் சர்வர் ஒன்று காதலர் தினத்தன்று பழுதாகி நின்றதுதான் காரணம். 9 மாதம் கழித்து அதை மீண்டும் இயக்கியபோது, உள்ளே தேங்கிக் கிடந்த சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் மெசேஜ்கள் ஒரே நேரத்தில் வெளியேறின. அனுப்பியவர்களோ, அவை அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள்.

எஸ்.எம்.எஸ் எப்படிப் பயணிக்கிறது?

எஸ்.எம்.எஸ் நேராக ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போவதில்லை. முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மெசேஜ் மையத்துக்குப் போகும். பெறுபவரின் போன் ஆன்-ல் இருக்கிறதா, எந்த டவர் பகுதியில் இருக்கிறது என்று பார்த்த பிறகே அங்கிருந்து அனுப்பப்படும். போன் ஸ்விட்ச் ஆஃப், சிக்னல் இல்லை என்றால் மெசேஜ் அங்கேயே தங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முயற்சி நடக்கும். காத்திருப்பதற்கும் ஒரு காலக்கெடு உண்டு. அது முடிந்தால் மெசேஜ் அழிக்கப்படும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் துண்டிக்கப்பட்டன. இப்படிச் சிக்னல் போய்த் திரும்பும்போது பழைய மெசேஜ்கள் மொத்தமாக வந்து குவிவதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

தமிழில் அனுப்பும் மெசேஜுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்-ல் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 தான். அதிலும் 'கி' போன்ற எழுத்து இரண்டாகக் கணக்காகும். அதனால் நீளமான தமிழ் மெசேஜ் பல துண்டுகளாகப் பிரிந்து பயணிக்கும். ஒரு துண்டு தாமதமானாலும் முழு மெசேஜும் ஒழுங்காகத் தெரியாது.

ஓ.டி.பி. மட்டும் ஏன் சிக்கிக்கொள்கிறது?

வங்கி அனுப்பும் ஓ.டி.பி-க்குப் பாதை இன்னும் நீளம். வங்கியிலிருந்து மொத்தமாக மெசேஜ் அனுப்பித் தரும் இடைநிலை நிறுவனம், அங்கிருந்து தொலைத்தொடர்பு நிறுவனம், பிறகு சரிபார்ப்பு, அதன் பிறகே மெசேஜ் மையம். போலி மெசேஜ்களைத் தடுக்க, அனுப்பும் நிறுவனத்தின் பெயர்க் குறியீடும் மெசேஜின் வாசக வடிவமும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும் என்பது டிராய் விதி. இரண்டும் பொருந்தாவிட்டால் மெசேஜ் நிறுத்தப்படும்.

2021 மார்ச் 8-ம் தேதி இந்தச் சரிபார்ப்பு கண்டிப்பாக அமலுக்கு வந்தபோது, நாடு முழுக்க ஓ.டி.பி-க்கள் வராமல் தடுமாற்றம் ஏற்பட்டது. வங்கிப் பரிவர்த்தனை முதல் கொரோனா தடுப்பூசிப் பதிவு வரை பாதிக்கப்பட்டது. பல நிறுவனங்கள் வாசக வடிவங்களைச் சரியாகப் பதிவு செய்யாததே காரணம். மறுநாளே டிராய் அந்த நடைமுறையை 7 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது.

சிம் கார்டை மாற்றியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய சிம் செயல்பாட்டுக்கு வந்ததிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ் வசதியை நிறுத்தி வைக்க 2022-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் பெயரில் மோசடியாக சிம் வாங்கி ஓ.டி.பி-யைத் திருடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

இமெயில் ஏன் லேட்?

இமெயிலும் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கைமாறித்தான் வரும. பெறும் சர்வர் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று சொன்னால், அனுப்பிய சர்வர் மெயிலை வரிசையில் வைத்து மீண்டும் முயலும். இந்த இடைவெளி பொதுவாகக் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும், 4, 5 நாட்கள் வரையாவது முயற்சியைக் கைவிடக் கூடாது என்பது இமெயிலுக்கான பொது விதிமுறையின் பரிந்துரை. அதனால்தான் சில மெயில்கள் இரண்டு நாள் கழித்தும் வந்து சேரும்.

ஸ்பேமைத் தடுக்க, அறிமுகமில்லாத சர்வரிலிருந்து வரும் முதல் மெயிலை வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் சர்வர்களும் உண்டு. உண்மையான சர்வர் என்றால் மறுபடி முயலும், ஸ்பேம் அனுப்புபவர் பெரும்பாலும் முயல மாட்டார் என்பது கணக்கு.

சில நேரம் மெயில் வந்திருக்கும், போன்தான் காட்டியிருக்காது. பேட்டரி சேவர் ஆன்-ல் இருப்பது, பின்னணி டேட்டா தடுக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணமாகலாம்.

எங்கே தாமதம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் மெயிலின் மூல வடிவத்தைக் காட்டும் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால், எத்தனை விநாடி கழித்து மெயில் வந்தது என்று காட்டும். எந்த சர்வர் எத்தனை மணிக்கு வாங்கியது என்ற விவரமும் கீழே இருக்கும். வேலைக்கான விண்ணப்பமோ டெண்டரோ தாமதமாகிவிட்டால், நீங்கள் நேரத்துக்கு அனுப்பியதற்கு இதுவே ஆதாரம்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் எஸ்.எம்.எஸ்-ஐ அழுத்திப் பிடித்து விவரங்களைத் திறந்தால், அனுப்பிய நேரமும் வந்த நேரமும் தனித்தனியாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் அனுப்பியாச்சு, இரண்டு டிக் என்றால்தான் போய்ச் சேர்ந்தது. சேராத மெசேஜ் 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும்.

பணம் எடுத்த மெசேஜ் லேட்டா வந்தா?

இங்கேதான் கவனம் தேவை. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்கிறது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. நாட்கள் கணக்காவது தகவல் கிடைத்ததிலிருந்துதான். எனவே தாமதமாக வந்த மெசேஜை அழிக்காமல், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் ஓ.டி.பி-யை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், வங்கியிடம் புகார் செய்யும் வரையிலான நஷ்டம் உங்களுடையது.

என்ன செய்யலாம்?

* ஓ.டி.பி. வரவில்லை என்று 'ரீசென்ட்' பட்டனைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள். புதிது கேட்டால் பழையது பெரும்பாலும் செல்லாது. பல எண்கள் வந்தால், கடைசியாகக் கேட்டதை மட்டும் பயன்படுத்துங்கள்.

* ஏரோபிளேன் மோடை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். போன் நெட்வொர்க்கில் மீண்டும் பதிவாகும்.

* போன் மெமரி நிரம்பியிருக்கிறதா, மெசேஜ் ஸ்பேம் பகுதிக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

* தாமதம் தொடர்ந்தால் 198-க்கு அழைத்து உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

* மற்றவர்களுக்கு சிக்னல் இருந்து, உங்கள் போனில் மட்டும் திடீரென சிக்னல் போய் மெசேஜும் வரவில்லை என்றால், வேறு யாரோ உங்கள் எண்ணில் சிம் வாங்கியிருக்க வாய்ப்புண்டு. வேறு போனிலிருந்து உடனே தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

* பணம் போய்விட்டது என்று தெரிந்தால், நொடியும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மெசேஜ் வராததால் பணம் எடுக்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது வங்கி ஆப்பில் கணக்கை நேரடியாகப் பார்த்துவிடுவதே பாதுகாப்பு.