வரி போனது, மகோகனி வந்தது

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு பணக்காரர் நாற்காலி செய்யச் சொன்னால், தச்சர் பெரும்பாலும் வால்நட் மரத்தைத்தான் எடுப்பார். பார்க்க அழகு, ஆனால் பூச்சி அரித்துவிடும். போதாததற்கு 1709இல் அடித்த கடுங்குளிரில் பிரான்சில் வால்நட் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. 1720இல் அந்த நாடு ஏற்றுமதியையும் நிறுத்திவிட்டது.

1721இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. கப்பற்படைக்கு மரம் வேண்டுமே என்ற கவலையில் வந்த சட்டம் அது. லாபம் என்னவோ நாற்காலி செய்பவர்களுக்கு! ஜமைக்காவிலிருந்து மகோகனி வந்து இறங்கியது. ஒட்டுப் போடாமல் ஒரே பலகையில் மேசை செய்யும் அளவுக்கு அகலம். பூச்சி எளிதில் தொடாது. நுணுக்கமாகச் செதுக்கினாலும் உடையாது. 1754இல் தாமஸ் சிப்பண்டேல் வெளியிட்ட டிசைன் புத்தகத்தில் உள்ள மெல்லிய நாற்காலி முதுகுகளை வேறு மரத்தில் செய்வது கஷ்டம்தான்.

சரி, இதை வெட்டியது யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். ஜமைக்காவில் கைக்கெட்டும் மரங்கள் தீர்ந்ததும் கோடரி இன்றைய பெலிஸ் பக்கம் போனது. அங்கே ஒருவர் உயர்ந்த மரத்தில் ஏறி, இலையின் நிறத்தை வைத்தே மகோகனி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். வெட்டிய மரத்தை மாடுகள் ஆற்றங்கரைக்கு இழுத்து வரும். மழைக்கால வெள்ளம் அதைக் கடலுக்குக் கொண்டுபோகும். அங்கே அடிமை முறை ஒழிய 1830கள் வரை ஆனது.

இன்று பெலிஸ் நாட்டுக் கொடியின் நடுவில் ஒரு மகோகனி மரமும், கோடரியும் துடுப்பும் ஏந்திய இரண்டு பேரும் நிற்கிறார்கள்.