இரண்டு புள்ளடி: மட்டக்களப்புத் தொகுதியின் கதை



போன கிழமை தரம் 10 குடியியல் பாடத்தில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், ஒராளுக்கு ஒரு வாக்கு எண்டுதானே புத்தகத்தில இருக்கு. மட்டக்களப்பில முந்தி ஒராளுக்கு ரெண்டு வாக்கு இருந்ததாமே, மெய்யா?"

மெய்தான். அந்தப் பிள்ளைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1931க்கு முன்னர் படிப்பறிவோடு சொத்தோ வருமானமோ உள்ள சிறு தொகையினருக்கே வாக்கு இருந்தது. டொனமூர் அரசியலமைப்பு வந்த பிறகுதான் 21 வயதான ஆணும் பெண்ணும் வாக்காளர் ஆனார்கள். பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928இல்தான் கிடைத்தது. அதற்கு மூன்றே வருடம் பிந்தி, கையெழுத்துப் போடத் தெரியாத நம் மூத்தம்மாமாருக்கும் அது கிடைத்துவிட்டது.

அந்த 1931 தேர்தலில் மட்டக்களப்பு தெற்கில் கொழும்பு வர்த்தகர் மாக்கான் மாக்கார் வென்றார். அரசாங்க சபைக்குத் தெரிவான ஒரே முஸ்லிம் அவர், அமைச்சராகவும் ஆனார். 1936இல் நாடு முழுவதிலும் ஒரு முஸ்லிமும் தெரிவாகவில்லை. எல்லோருக்கும் வாக்கு இருந்தும் சிறு சமூகத்தின் குரல் சபையில் ஒலிக்காமல் போகலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1947இல் மட்டக்களப்பு ஒற்றை ஆசனத் தொகுதி. அந்த வருடம் சின்னலெப்பை வென்றார், 1952இல் கதிராமர், 1956இல் செ. இராசதுரை. ஒரு ஆசனம் என்றால் ஒரு பக்கத்துக்குச் சந்தோசம், மறுபக்கத்துக்கு ஐந்து வருட மனக்குறை. நகரத்தையும் காத்தான்குடியையும் ஒரே தொகுதிக்குள் வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க ஒரு வழி கண்டார்கள். 1960 மார்ச் தேர்தலில் இருந்து மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி ஆனது.

ஆசனம் இரண்டு, ஒவ்வொருவருக்கும் வாக்கும் இரண்டு. இரண்டையும் ஒருவருக்கே போடலாம். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தும் போடலாம். அந்த மார்ச்சில் இராசதுரையும் ஏ. எச். மாக்கான் மாக்காரும் தெரிவானார்கள். 1965 தேர்தலிலும் ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் என்ற ஒழுங்கு நின்றது.

1970இல் அது உடைந்தது. ராஜன் செல்வநாயகமும் இராசதுரையும் வென்றார்கள். இரண்டு ஆசனமும் தமிழ் வேட்பாளர்களுக்கே. 1977இல் இராசதுரையோடு பரீத் மீராலெப்பை தெரிவானார். பழைய ஒழுங்கு திரும்பி வந்தது.

என் மூத்தாப்பா புடவை வியாபாரி. படுவான்கரைக்குப் புடவை கொண்டுபோய் விற்று, நெல்லோடு திரும்பி வருவார். 1960இல் ஒரு புள்ளடியை நம்மவருக்கும் மற்றதை இராசதுரைக்கும் போட்டாராம். "என்ட புடவைய வாங்கிறது அவர்ட சனம்தானே" என்பார். 1970இல் யாரோ கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒருவருக்கே போட்டார். முடிவு வந்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லையாம். பிறகு அவர் வாப்பாவிடம் சொன்னது இது: "அங்காலிருந்து நமக்கு ஒண்டும் வரல்ல. நானும் அங்கால ஒண்டும் போடல்ல."

எனக்கு இதுதான் குடியியல் பாடம். சட்டம் ஒன்று, ஆளும் ஒருவர். ஆனால் முதல் தடவை அது பாலமாக இருந்தது, அடுத்த தடவை மதிலாகிவிட்டது. நல்ல விதியொன்றை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதைப் பாவிக்கும் மனசும் வேண்டும்.

1978 அரசியலமைப்பு அந்தத் தொகுதி முறையை எடுத்துவிட்டு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அம்முறையில் பாராளுமன்றத்துக்கு முதல் தேர்தல் 1989இல் நடந்தது. இப்போது ஒரு கட்சியைத் தெரிந்து, அதே பட்டியலுக்குள் மூன்று விருப்பு வாக்கு வரை போடலாம். இந்தக் கட்சியில் ஒருவர், அந்தக் கட்சியில் ஒருவர் என்று போட முடியாது.

அடுத்த வருடமே 1990. ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை இழந்தோம். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கத்து மையவாடிகளையும் பார்த்த பிறகு, அடுத்த ஊருக்கு ஒரு புள்ளடி போடுவதைப் பற்றிப் பேசவே ஆளில்லாமல் போனது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாக்குச்சீட்டில் கைவிட்ட பழக்கத்தை வேறெங்காவது பழகியே ஆகவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதை வகுப்பறையில் தொடங்கலாம். எங்கள் மாணவர் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன் என் வகுப்பில் ஒரு பயிற்சி வைக்கப் போகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வாக்கு. முதலாவதை விரும்பியவருக்குப் போடலாம். இரண்டாவதை வேறு வகுப்புப் பிள்ளைக்குத்தான் போடவேண்டும், ஏன் அவர் என்று ஒரு வரியும் எழுதவேண்டும். அந்த ஒரு வரியை எழுத, அந்தப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சமாவது விசாரித்துத்தான் ஆகவேண்டும்.

1977க்கு முன் வாக்களித்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இரண்டாவது புள்ளடியை யாருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று இன்றைக்கு இஷாவுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.