தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளிவாசலில் ஒரு மனிதர்

ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது அன்சாரித் தோழர் அபூ உமாமா (ரலி) அவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். அது தொழுகை நேரமன்று. இந்நேரத்தில் இங்கே அமர்ந்திருப்பது ஏன் என நபியவர்கள் வினவினார்கள். கவலைகளும் கடன்களும் தம்மைச் சூழ்ந்துகொண்டதாக அத்தோழர் விடையளித்தார். அப்போது காலையிலும் மாலையிலும் ஓதுமாறு ஒரு துஆவை நபியவர்கள் அவருக்குக் கற்பித்தார்கள். இந்நிகழ்வு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்தத் துஆவின் சொற்கள் அனஸ் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியிலும் வந்துள்ளன.

நம் பிள்ளைகள் மனனம் செய்யும் அந்தத் துஆவின் சில சொற்களைச் சற்று நின்று நோக்குவோம். முதலில் வருவது ‘ஹம்ம்’. இனி வரப்போவதை எண்ணி உள்ளம் அடையும் கலக்கம் அது. அடுத்தது ‘ஹஸன்’. நிகழ்ந்து முடிந்த இழப்புக்காக வருந்துவது அது. அறிஞர்கள் இவ்விரண்டையும் இவ்வாறே பிரித்துக் காட்டுவர். பின்னர் ‘அஜ்ஸ்’ எனும் இயலாமை வருகிறது. இறுதியில் கடனின் பாரமும் மனிதர்களின் ஆதிக்கமும் இடம்பெறுகின்றன.

வேலை போய்விட்ட மனிதரின் துயரத்தை உலகம் எளிதில் காண்கிறது. வேலை போகுமோ என்று அஞ்சி நிற்பவரின் துயரத்தை அது காண்பதில்லை. ஆனால் துஆவில் முதலிடம் பெற்றிருப்பது அந்த அச்சமே. 1984ஆம் ஆண்டில் கிரீன்ஹால், ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர் இருவர், பணிப் பாதுகாப்பின்மை என்பது ஆபத்துக்குள்ளான வேலையைத் தக்கவைத்துக்கொள்ளத் தன்னால் இயலவில்லை என்ற உணர்வே என்று வரையறுத்தனர். அவர்கள் சுட்டியது ஏறத்தாழ ‘அஜ்ஸ்’ என்ற சொல்லின் பொருளையே. இந்த உணர்வு நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் அண்மையில் எவ்வாறு வளர்ந்தது என்பதை வரலாறாக எழுதிவைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

கடற்கரையின் பழைய அனுபவம்

முதலில் மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்திற்குச் செல்வோம். கடலை நோக்கி நிற்கும் டச்சுக் கோட்டையின் சிதைவுகளையும் கல்லறைக் கற்களையும் இன்றும் அங்கே காணலாம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே நிலைகொண்ட டச்சு வணிகர்கள் சுற்றுவட்டார நெசவாளரிடம் மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றினர். காலப்போக்கில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் இடையே அந்த ஊர் கைமாறி மீண்டது. இறுதியில் 1824ஆம் ஆண்டு லண்டனில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையின்படி, டச்சுக்காரர் இந்தியாவிலிருந்த தம் இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். அந்த நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஆலைத் துணி நம் தறிகளையும் ஓயச் செய்தது. லண்டனில் பேச்சு நடந்தபோது சதுரங்கப்பட்டினத்து நெசவாளரின் கருத்தை எவரும் கேட்கவில்லை. வாங்குபவன் கடலுக்கு அப்பால் இருக்கும்போது, முடிவும் கடலுக்கு அப்பாலேயே எடுக்கப்படுகிறது.

மறைமலைநகரின் கால் நூற்றாண்டு

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே மாவட்டத்தின் உள்நாட்டுப் பகுதியில் அத்தகைய முடிவு ஒன்று வந்து சேர்ந்தது. மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனத்தின் கார் ஆலை இருந்தது. 1995இல் மஹிந்திராவுடன் கூட்டாக இந்தியாவிற்குத் திரும்பி வந்த அந்நிறுவனம், 1999இல் இங்கிருந்து ‘ஐகான்’ காரை வெளியிட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் கார்களும் 3.4 லட்சம் என்ஜின்களும் செய்யும் திறன் கொண்டதாக ஆலை வளர்ந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் உதிரிபாக ஆலைகளும் வாடகை வீடுகளும் உணவகங்களும் பெருகின. ஐ.டி.ஐ. முடித்த இளைஞருக்கு அங்கே நிரந்தர வேலை கிடைப்பது ஒரு குடும்பம் கரையேறுவதற்கு ஒப்பாகும்.

அச்சம் ஒரே நாளில் வரவில்லை. அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதை இவர்கள் கண்டிருந்தனர். 2019 அக்டோபரில், ஃபோர்டின் இந்தியத் தொழில் மஹிந்திராவின் பெரும்பான்மைப் பங்குடன் கூடிய கூட்டு நிறுவனத்திற்கு மாறும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. இனி நம் முதலாளி யார் என்ற வினா அன்றே பிறந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டின் இறுதி நாளோடு கூட்டு முயற்சி கைவிடப்பட்டது. நோய்த்தொற்றின் அச்சமும் பிழைப்பின் அச்சமும் ஒரே வீட்டில் குடியேறின. 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஒரகடத்தின் ரெனோ-நிசான் ஆலைத் தொழிலாளர் தம் உயிர்ப் பாதுகாப்புக்காகக் குரல் எழுப்ப நேர்ந்தது. வேலைக்குச் செல்லவும் அஞ்சி, வேலை இல்லாமற்போவதற்கும் அஞ்சிய காலம் அது.

பத்து மாதக் காத்திருப்பு

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதைக் காரணமாகக் கூறியது. ஏறத்தாழ 4,000 ஊழியர் பாதிக்கப்படுவர் எனவும், மறைமலைநகர் ஆலை 2022இன் இரண்டாம் காலாண்டிற்குள் மூடப்படும் எனவும் தெரிவித்தது. அதே அறிவிப்பில், பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் வரை பரவியிருந்த அதன் தொழில்நுட்ப, வணிகச் சேவைப் பணிகள் விரிவடையும் என்றும் கூறப்பட்டது. ஒரே நிறுவனத்தில் கணினி முன் அமர்ந்தவருக்கு நம்பிக்கையும் தொழிற்கூடத்தில் நின்றவருக்கு விடையும் ஒரே நாளில் வழங்கப்பட்டன.

அதன் பின்னரும் ஏற்றுமதி ஆணைகளுக்காக ஆலை இயங்கியது. மூடப்படும் என்று தெரிந்த ஆலைக்கு அன்றாடம் ஷிப்ட்டுக்குச் சென்று, தம் கையாலேயே இறுதிக் கார்களைச் செய்து முடிக்கும் நிலை எத்தகையது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

2022 பிப்ரவரியில் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. ஒன்றிய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபோர்டின் பெயர் இடம்பெற்றது. மின்வாகனம் செய்ய ஆலை மீண்டும் திறக்கப்படலாம் என்ற பேச்சு பரவியது. மே மாதத்தில் அந்த எண்ணமும் கைவிடப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. அம்மாத இறுதியில், நியாயமான இழப்பீடு கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ அதே நாளில், குஜராத்தின் சானந்திலிருந்த ஃபோர்டு ஆலையை டாடா மோட்டார்ஸ் வாங்குவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கிருந்த ஊழியருக்கு வேலைத் தொடர்ச்சி கிடைத்தது. இங்கே அவ்வாறு வாங்க எவரும் முன்வரவில்லை. ஜூன் நடுவில் தொழிலாளரில் ஒரு பகுதியினருடன் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஜூலையில் இறுதி ‘ஈகோஸ்போர்ட்’ கார் வெளியேறியது.

அறிவிப்பிற்கும் இறுதிக் காருக்கும் இடைப்பட்ட இந்தப் பத்து மாதங்களே நம் கட்டுரையின் மையம். கூட்டு நிறுவனச் செய்தியிலிருந்து எண்ணினால் அது மூன்று ஆண்டுகளை நெருங்குகிறது. இழப்பு வந்த பின் மனிதன் அழுது எழுந்துகொள்கிறான். வருமா வராதா என்ற நிலையிலோ, அவனால் அழவும் இயலாது, எழவும் இயலாது. மகளின் திருமணத்தைத் தள்ளிவைப்பதா? வீட்டுக் கடனுக்கு நகையை அடகு வைப்பதா? வேறு வேலை தேடினால் இழப்பீடு போய்விடுமா? இவ்வினாக்களுக்கு விடை அவன் கையில் இல்லை.

சட்டம் தரும் நிழல்

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக வழங்கப்பட வேண்டும். மறைமலைநகர்த் தொழிலாளர் ஒன்றுபட்டுப் பேசி அதைப் போலப் பல மடங்கு பெற்றனர். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளரும் உதிரிபாக ஆலைகளில் இருந்தவரும் வேன் ஓட்டியவரும் அந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கு வெளியே நின்றனர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பில் முன் அனுமதிக்கான எண்ணிக்கை 300 ஆக உயர்ந்துவிட்டது. சிறிய ஆலைகளில் பணிபுரிவோருக்கு அந்த நிழலும் சுருங்கியுள்ளது.

2025 அக்டோபர் 31 அன்று, அதே ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் என்ஜின் உற்பத்தி செய்ய ஃபோர்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 600க்கு மேற்பட்ட வேலைகள் உருவாகும் எனக் கூறப்படுகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும் 2022இல் நாற்பது வயதைக் கடந்து வெளியேறியவருக்கு அந்தக் கதவு திறக்குமா என்பது வேறு வினா.

ஜமாஅத்தின் கடமை

அக்காலத்தில் நம் பகுதிப் பள்ளிவாசலில், லுஹருக்கும் அஸருக்கும் இடையே தூணில் சாய்ந்து அமர்ந்திருக்கும் மனிதர்களை நாம் கண்டோம். அவர்களுள் ஒருவர் நம்மிடம் ஓதும் சிறுவனின் தந்தை. ஓர் ஆலைத் தொழிலாளி. பகல் ஷிப்ட் இல்லை போலும் என்று எண்ணி, ஸலாம் கூறிக் கடந்து சென்றோம். அவர் கையில் வேலை இல்லை என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தோம். நபியவர்கள் அன்று கேட்ட வினாவை நாம் கேட்கவில்லை. இக்குறையை நம் மீதே சுமத்திக்கொள்கிறோம்.

ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று மிம்பரில் உரைப்பது எளிது. அது உண்மையே. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்த மார்க்கம் இது. கவலையில் இருப்பவரிடம் தவக்குல் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர்வது, கட்டுவதற்குக் கயிறு தராமல் ஒட்டகத்தைக் கட்டச் சொல்வதாகும். ஜகாத் பெறத் தகுதியுடையோர் பட்டியலில் கடனாளிகளும் உள்ளனர். ஏழைகள், விதவையர் பெயர்களோடு நம் பைத்துல்மால் பதிவேடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நேற்று வரை சந்தா கொடுத்தவர் இன்று கேட்க நாணுவார். கேளாமலே இருப்பவரைத் தேடி அறியுமாறும் குர்ஆன் நமக்கு உணர்த்துகிறது. வட்டியில் வீழும் முன் சிறு தொகையை அழகிய கடனாக வழங்குவதும், தொழிற்சங்கப் பேச்சும் இழப்பீட்டுச் சட்டமும் அறிந்தவரை ஒரு ஜுமுஆவுக்குப் பின் பேச அழைப்பதும் எந்த ஜமாஅத்திற்கும் இயலாத செயல்கள் அல்ல.

வீடுகளிலும் இவ்வாறே. ஆலை பற்றிய செய்தியை மனைவி மக்களிடம் மறைத்துத் தனியே வெந்துபோன தந்தையர் பலர். கவலையைப் பகிர்வது ஈமானின் குறைவன்று. யஃகூப் (அலை) அவர்கள் துக்கத்தால் கண்ணொளி இழந்தும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கவில்லை என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம் அல்லவா?

அடுத்த முறை தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளிவாசலில் ஒருவர் அமர்ந்திருக்கக் கண்டால், ஸலாம் கூறியதோடு கடந்து செல்லாதீர்கள். அருகில் அமர்ந்து, ஏன் இந்நேரத்தில் என்று கேளுங்கள். ஆலையின் கதவு மூடிய பின் அன்று. மூடும் என்ற செய்தி வந்த அன்றே கேளுங்கள்.

கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் இயலாமையிலிருந்தும் நம் அனைவரையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.