பாரதியார் போட்டு உடைத்த ரகசியம்

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் எங்கள் மாயவரத்தில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். பழகிய நண்பர்கள்தான். ஆனால் தமிழ் என்று வந்தால் ஒத்துப்போகாது. பேச்சு வழக்கு மலிந்த நந்தனாரில் இலக்கணப் பிழைகள் பிள்ளையவர்களை உறுத்தின. சிறப்புப்பாயிரம் கேட்டு பாரதியார் நடையாய் நடந்தார். கடைசியில் அவர் பாடக் கேட்டு உருகித்தான் பிள்ளையவர்கள் கொடுத்தாராம்.

1871-இல் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்க வந்தார் 16 வயது உ.வே.சாமிநாதையர். அவருடைய அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். தமிழோடு பாட்டும் வரட்டும் என்று மகனை பாரதியாரிடமும் அனுப்பினார். ஆசிரியருக்கு இது தெரியாது. ஒருநாள் நண்பரைப் பார்த்த பாரதியார், உங்கள் மாணவர் என்னிடம் சங்கீதம் கற்கிறார் என்று புகழ்ந்தே சொல்லிவிட்டார். (பழைய பாயிரக் கணக்கைத் தீர்த்துக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு குறும்பான சந்தேகம்!)

பிள்ளையவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி செல்லாது என்று மட்டும் சொன்னார். ஒரு பக்கம் அப்பாவின் ஆசை, மறுபக்கம் ஆசிரியரின் முகம். பையன் என்ன செய்வார், பாவம்? பாட்டு நின்றது.

ஏறக்குறைய 70 வருஷம் கழித்து, ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வந்தபோது, அந்த வீட்டு ரகசியம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் இருவரும் அப்போது இல்லை.