பழைய காரில் ஓபிடி ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லையா? 'ஈசியு போச்சு' என்று முடிவுகட்டும் முன் இதைப் பாருங்க

ஆன்லைனில் வாங்கிய சின்ன ஓபிடி ஸ்கேனரைப் பழைய காரில் செருகுகிறீர்கள். ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்கிறது. இதை மட்டும் வைத்து 'ஈசியு போயிடுச்சு, மாத்தணும்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

ஈசியு என்பது எஞ்சினை இயக்கும் கணினி. இக்னிஷனை ஆன் செய்ததும் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்து, எஞ்சினும் வழக்கம்போல ஸ்டார்ட் ஆகி ஓடினால், ஈசியு வேலை செய்கிறது. சிக்கல் அதற்கும் உங்கள் போனுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வரிசையாகத் தேடலாம்.

ஸ்கேனரில் விளக்கே எரியவில்லையா?

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில், 16-வது பின் பேட்டரி கரண்ட். 4-வது பின் எர்த். மல்டிமீட்டரில் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான். மட்டமான மொபைல் சார்ஜரால் அது எரிந்து போயிருக்கலாம். அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் மாற்ற வேண்டும். பெரியதைப் போடவே கூடாது.

விளக்கு எரிகிறது, போன் கண்டுகொள்ளவில்லையா?

பழைய வகை புளூடூத் ஸ்கேனர்கள் ஆண்ட்ராய்டில் வேலை செய்யும், ஐபோனில் செய்யாது. ஐபோனுக்கு வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகை தேவை. பாஸ்வேர்டு கேட்டால் 1234 அல்லது 0000 போட்டுப் பாருங்கள். வைஃபை ஸ்கேனர் என்றால் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு முயலுங்கள்.

போன் இணைகிறது, கார் பதில் சொல்லவில்லையா?

முதலில் சாவியைப் பாருங்கள். ஏசிசி நிலை போதாது. இக்னிஷன் முழுதாக ஆனில் இருக்க வேண்டும்.

அடுத்தது மொழிப் பிரச்னை. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டாயமானது. ஆனால் பிஎஸ்-4 முதலில் பெரிய நகரங்களுக்குத்தான் வந்தது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முந்தைய கார்களில் சாக்கெட் இருந்தும், தயாரிப்பாளரின் சொந்த மொழி மட்டுமே ஓடலாம். அங்கே பொதுவான ஸ்கேனர் ஊமைதான். அந்த பிராண்டுக்கான கருவி வேண்டும்.

சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். 6, 14 இடங்களில் உலோகப் பின் இருந்தால் பெரும்பாலும் புதிய 'கேன்' முறை. அவை இல்லாமல் 7-ல் மட்டும் இருந்தால் பழைய 'கே-லைன்'. கே-லைன் மெதுவானது, இணையவே சில விநாடிகள் ஆகும். ஆப் செட்டிங்ஸில் 'ஆட்டோ'வை விட்டுவிட்டு ஐஎஸ்ஓ 9141 அல்லது ஐஎஸ்ஓ 14230-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். மலிவான இஎல்எம் 327 நகல்கள் சில, பழைய மொழிகளைச் சரியாகப் பேசுவதில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னும் வரவில்லையா?

அதே ஸ்கேனரை வேறொரு காரில் செருகிப் பாருங்கள். அங்கும் வேலை செய்யாவிட்டால் ஸ்கேனர் மீதுதான் சந்தேகம். அங்கே சரியாக வந்தால், உங்கள் காரில் பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், ஜிபிஎஸ் ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றின் வயர் கே-லைனில் தவறாகச் சேர்ந்திருந்தால் பேச்சையே அடைத்துவிடும். கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சிக்கல் தொடர்ந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போகலாம். அப்போதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஈசியுவுக்கு வர்ற கரண்ட்டும் எர்த்தும் செக் பண்ணிட்டீங்களா?' 'பண்ணிட்டேன்' என்று அளந்த வோல்ட்டைக் காட்டிய பிறகு, ஈசியு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.