நிர்ப்பந்தமும் தேர்வும்: வீடியோ விளையாட்டுகளில் எளிமைப் பாணியும் ஒளிப்பட மெய்மையும்

வீடியோ விளையாட்டுகளின் வரைகலை வரலாறு, புள்ளிகளில் தொடங்கி ஒளிப்படத்துக்கு நிகரான காட்சியில் முடியும் நேர்க்கோட்டு வளர்ச்சியாகவே பெரும்பாலும் விவரிக்கப்படுகிறது. உருவங்களைச் சில வடிவங்களுக்குள்ளும் வண்ணங்களுக்குள்ளும் சுருக்கிக் காட்டும் எளிமைப் பாணி பழமையின் எச்சமென்றும், பொருள்களைக் கேமராவில் பதிந்தவைபோலக் காட்ட முயலும் ஒளிப்பட மெய்மையே வளர்ச்சியின் இலக்கென்றும் அவ்விவரிப்பு கருதுகிறது. ஆயினும், 1981 முதல் 2018 வரையிலான சில படைப்புகளை வரிசைப்படுத்தி நோக்கினால், கருவியின் வரம்பால் நேர்ந்த எளிமை, அவ்வரம்பு தளர்ந்த பின்னர் ஆட்டத்தின் தேவை கருதித் தேர்ந்துகொள்ளப்பட்டமை புலனாகும்.

நின்டெண்டோ நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ‘டாங்கி காங்’ தொடக்கநிலைக்குத் தக்க சான்றாகும். பின்னாளில் மரியோ என அறியப்பட்ட அதன் நாயகனின் உருவம், பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள் பக்கத்துக்கு 16 கொண்ட சிறு சதுரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. வாயை வரைய இடமில்லாததால் மூக்கின் கீழே மீசையும், தலைமுடியின் அசைவை வரையும் சிக்கலைத் தவிர்க்கத் தொப்பியும், கைவீச்சு உடலோடு கலந்துவிடாதிருக்க வேறு வேறு நிறங்களில் சட்டையும் தோள்வார்க் கால்சட்டையும் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவால் சேர்க்கப்பட்டன.

1990-களில் இவ்வரம்பு தளர்ந்தது. ‘மார்ட்டல் காம்பாட்’ (1992) நடிகர்களைப் படம்பிடித்து எண்ம உருவங்களாக்கியது. அதன்பின் முப்பரிமாண வரைகலை மெய்மையை நோக்கிய போட்டியாக வளர்ந்தது. எனினும், மனிதச் சாயல் மிகுந்தும் முழுமை பெறாத உருவம் பார்ப்பவரிடம் அருவருப்பைத் தூண்டும் என்று எந்திர மனிதர்களைப் பற்றி ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் முன்வைத்த கருத்து, இவ்விளையாட்டுகளின் முகங்களுக்கும் பொருத்திப் பார்க்கப்பட்டது.

இப்போட்டியின் நடுவே எளிமை திட்டமிட்ட தேர்வாக வெளிப்பட்டது. நின்டெண்டோ 2000-ஆம் ஆண்டு ‘செல்டா’ வரிசையின் நாயகனை மெய்மைச் சாயலில் காட்டியபோதும், 2002-இல் ஜப்பானில் வெளிவந்த அவ்வரிசையின் ‘தி விண்ட் வேக்கர்’ செல் ஷேடிங் முறையை, அதாவது ஒளி நிழலின் படிப்படியான மாற்றத்தை ஓரிரு தட்டையான நிறப்பட்டைகளாகக் குறைத்துக் கையால் வரைந்த அசைபடம் போலாக்கும் முறையை, மேற்கொண்டது. ரசிகர் பலர் அதிருப்தியடைந்தாலும், நாயகனின் பெரிய கண்கள் கவனிக்கவேண்டிய பொருளை நோக்கித் திரும்பி ஆடுபவருக்குக் குறிப்பு தந்தன. இவ்வாறே, 2007 அக்டோபரில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க அமெரிக்க ஓவியர் லையன்டெக்கர் முதலியோரின் பாணியைத் தழுவி, ஒன்பது வகை வீரர்களையும் நிழலுருவாலேயே இனங்காண முடியுமாறு அமைத்தது. மாறாக, அதற்கடுத்த மாதம் வெளிவந்த ‘கிரைசிஸ்’, அடர்ந்த காட்டையும் கடற்கரையையும் மெய்யெனக் காட்டுவதற்கு அக்காலக் கணினிகளைத் திணறவைத்தது.

எளிமைக்கும் கணிப்பாற்றல் வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் லூக்கஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018) நிறுவுகிறது. பழைய மேகின்டோஷ் கணினித் திரைகளை நினைவூட்டும் இரண்டே நிறங்களால் ஆன இவ்விளையாட்டு, புள்ளிகளின் அடர்த்தியால் இடைநிறங்களைத் தோற்றுவிக்கும் டிதரிங் முறையைக் கையாள்கிறது. முப்பரிமாண வெளியில் பார்வை திரும்புகையில் அப்புள்ளிகள் நெளிந்து கண்ணை உறுத்தியதால், அவற்றின் வடிவமைப்பைப் பார்வையாளரைச் சூழ்ந்த கற்பனைக் கோளத்தின்மீது பதித்து நிலைப்படுத்த வேண்டியிருந்தது. இத்தீர்வு பழைய மேகின்டோஷின் ஆற்றலுக்கு எட்டாதது.

இதே 2018 அக்டோபரில் வெளிவந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உழைப்பில் உருவானது. போப்பின் படைப்போ பெரும்பாலும் ஒருவருடைய ஆக்கம். ஆகவே, எளிமைப் பாணியை முழுமையான சுதந்திரத்தின் விளைவாகக் கொள்வதும் பொருந்தாது. கருவியின் வரம்பு விலகிய இடத்தில் உழைப்பின், முதலீட்டின் வரம்பு அமர்ந்துகொண்டது. தெளிவாகக் காட்டவேண்டியது எது, விட்டுவிடத்தக்கது எது என்னும் முடிவு அவ்வரம்புக்குள்தான் எடுக்கப்படுகிறது.